தீர்த்தமலையில் ஏழாவது இடம்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை காலை. கடத்தூர் சாலையில் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தேன். முதல் பஸ் என்னைத் தாண்டிப் போய், இருபது அடி தள்ளி நின்றது. ஏழு வருஷமாக அந்தச் சாலையில் எனக்காக எந்த வண்டியும் நின்றதில்லை. மாட்டுவண்டி நிற்காது, சைக்கிள் நிற்காது, பஞ்சாயத்து யூனியன் ஜீப்கூட நிற்காது. அதற்கு ஒரு காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன். அன்று பஸ் நின்றதைப் பார்த்ததுமே யாரோ போய்விட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கண்டக்டர் இறங்கி வந்தார். என்னிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்தவர். கைப்பையை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு நின்றார்.

"ஐயா, நர்ஸம்மா தவறிட்டாங்க. நேத்து பொழுது சாயறப்போ. ஏரியூர் வண்டிக்காரங்க நம்ம டிரைவர்கிட்டச் சொல்லி அனுப்பியிருக்காங்க. இன்னைக்கு மத்தியானம் எடுக்கறாங்களாம். நீங்க வண்டியில ஏறுவீங்களோ மாட்டீங்களோன்னு தெரியலீங்க. அதான் கேட்டுப் பாக்கலாம்னு..."

ஏறினேன். ஜன்னலோரமாக இடம் விட்டார்கள். பஸ்ஸில் பாதிப் பேர் நர்ஸம்மா கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள்.

நர்ஸ் சவரியம்மாளை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடத்தூர் எல்லையில், புளியமரங்கள் முடிகிற இடத்தில் இருக்கும் சின்ன டிஸ்பென்சரியில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவர். டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் எல்லாம் அவர்தான். ஏரியூருக்குப் பக்கத்தில் ஒரு வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, குடியானவர் குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெள்ளைப் புடவையும் கறுப்புக் குடையுமாக எங்கே போனாலும் மெதுவாகத்தான் போவார். பிரசவ வலி என்று ஆள் ஓடி வந்தால்கூட, வண்டி கட்டிக்கொண்டு வரச் சொல்லி அதில் ஏறித்தான் போவார். நர்ஸம்மாவுக்குக் கொஞ்சம் பவிசு அதிகம் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. எனக்கு எழுபத்தொன்று. நியாயமாகப் பார்த்தால் எனக்குத்தான் அவர் ஒரு மாலை வாங்கி வந்திருக்க வேண்டும்.

நான் ஐம்பத்தைந்து வயதில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்ற வாரமே என் மகன் சேலத்துக்குப் போய்ச் சாய்வு நாற்காலி ஒன்று வாங்கி வந்தான். தேக்கு மரம், பிரம்புப் பின்னல், கால் நீட்டிக்கொள்ளக் கட்டை. "இத்தன வருஷம் நின்னுக்கிட்டே பாடம் நடத்தினீங்க. இனிமேப்பட்டு உக்காருங்கப்பா" என்றான். உட்கார்ந்தேன். ஒன்பது வருஷம் உட்கார்ந்தேன். காப்பி அங்கே வரும், பத்திரிகை அங்கே வரும், முடி வெட்டுகிறவரும் அங்கேயே வருவார். என் மனைவி இருந்த வரையிலாவது "எந்திரிச்சுப் போய்த் தோட்டத்தப் பாருங்க" என்று விரட்டுவாள். அவள் போன பிறகு அதுவும் இல்லை. பென்சில் கீழே விழுந்து நானே குனிந்து எடுத்தால் மருமகள் பதறிப் போவாள். பெரியவரை நன்றாக வைத்திருக்கிறார்கள் என்று என் வீட்டுக்கு ஊரில் நல்ல பெயர் இருந்தது.

அந்த ஒன்பதாவது வருஷம் பள்ளி ஆண்டு விழாவுக்கு என்னை அழைத்தார்கள். பத்து நிமிஷம் பேசினேன். நடுவில் பின்னக் கணக்கு பற்றி ஒரு வேடிக்கை சொன்னேன், சிரித்தார்கள். கை தட்டினார்கள். உட்கார்ந்தேன். அதன் பிறகு யாரோ பேசினார், யாருக்கோ மாலை போட்டார்கள். வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை நர்ஸம்மா மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். குழந்தைகளுக்கு அம்மை குத்துகிறவர் என்பதால் விழாவுக்கு அவரையும் அழைத்திருந்தார்கள். என் நாற்காலிக்கு எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. நேத்து நீங்க ரெண்டு தடவ பேசினீங்க."

"ரெண்டு தடவையா?"

"ஆமாங்க. ஒரு தடவ பேசி உக்காந்தீங்க. மாலை போட்டு முடிச்சதும் எந்திரிச்சுப் போயி, அதே பேச்ச முதல் வரியில இருந்து கடைசி வரைக்கும் மறுபடி பேசினீங்க. அந்தப் பின்னக் கணக்கு ஜோக்கையும் சொன்னீங்க."

"சிரிச்சாங்களே!"

"ரெண்டு தடவையும் சிரிச்சாங்க. கைதட்டலும் ரெண்டு தடவ. உங்க மேல அவ்வளவு மரியாதைங்க."

எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. ஊசி போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுதக் கூசுகிறது. அவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "மரியாதைக்காக எல்லாரும் சும்மா இருக்காங்க சார். மரியாதை உங்களக் காப்பாத்தாதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அன்று பகல் மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். மருமகள்தான் உள்ளேயிருந்து, "விடுங்க மாமா, நல்லாத்தானே பேசினீங்க" என்றாள். ஆக, அது நிஜம். "வேறென்ன?" என்று கேட்டேன். கொஞ்சம் வற்புறுத்திய பிறகு மகன் சொன்னான்: "ரெண்டு மாசமா, சாப்பிட்டு எந்திரிச்சுக் கொஞ்ச நேரத்துல மறுபடி எலை போடச் சொல்றீங்கப்பா."

"போடுவீங்களா?"

"போட்டுடுவோங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

என் தகப்பனார் கடைசி மூன்று வருஷம் என்னை அடையாளம் தெரியாமல் இருந்தார். நான் போய் எதிரே நின்றால் கை கூப்பி, "நீங்க எந்த ஊருங்க?" என்று மரியாதையாகக் கேட்பார். ஒவ்வொரு நாளும் கேட்பார். நான் பதில் சொல்வேன். இந்தக் கேள்வியை ஒரு நாள் என் மகனைப் பார்த்து நான் கேட்கப் போகிறேன் என்று அப்போது தோன்றிவிட்டது. சாவுக்கு நான் பயந்தவன் இல்லை. இதற்குப் பயந்தேன். இன்றும் பயப்படுகிறேன்.

மறுநாள் நானே வண்டி கட்டச் சொல்லி டிஸ்பென்சரிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஜாதி நான். "இதுக்கு மருந்து இருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க சார்" என்றார். பஞ்சு சுருட்டிக்கொண்டே பேசினார். "ஆனா ஒண்ணு பாத்திருக்கேன். பத்து வருஷமா வூடு வூடா போறேன். ஆடு மேய்க்கிற பெரியவங்க, மலைக்குப் போயி வெறகு கொண்டாற ஆயாங்க, எழுவது வயசுலயும் எந்த ஆடு எந்த மாசம் சினையாச்சுன்னு சொல்றாங்க. நாற்காலி போட்டு உக்கார வச்சாங்க பாருங்க, அந்தப் பெரியவங்கதான் சீக்கிரம் மங்கிப் போறாங்க. ஏன்னு எனக்குத் தெரியாது. நடந்தா ரத்தம் நல்லா ஓடுதுல்லீங்க? தலைக்கும் அதே ரத்தம்தானே போவுது?"

"புத்தகத்துல இருக்கா?"

"இருக்கோ என்னமோ. நான் படிச்சதில்லீங்க, பாத்ததுதான்."

என் வீட்டிலிருந்து டிஸ்பென்சரி இரண்டு மைல். தினமும் காலையில் நடந்து வந்து, நடந்து திரும்ப வேண்டும் என்றார். அதிலும் உலாத்திக்கொண்டு வரக் கூடாது. அவர் வைத்த அளவு இன்றும் என்னிடம் இருக்கிறது: "மூச்சு வாங்கணும், ஆனா பேச்சு நிக்கக் கூடாது. நடந்துக்கிட்டே பாட முடிஞ்சா, நீங்க சும்மா போறீங்கன்னு அர்த்தம். பேசவே முடியலன்னா நெஞ்சு கஷ்டப்படுதுன்னு அர்த்தம், உக்காந்துடணும். ரெண்டுக்கும் நடுவுல போங்க."

"நீங்க வண்டியில போறீங்க, என்னைய நடக்கச் சொல்றீங்க" என்று குத்தலாகக் கேட்டேன்.

சிரித்தார். "டாக்டருங்க எழுதிக் குடுக்கற மருந்த டாக்டருங்களா சாப்பிடறாங்க?"

நடக்கக் கிளம்பினேன். நடக்கத்தான் முடியவில்லை. கால் ஒத்துழைத்தது, ஊர்தான் ஒத்துழைக்கவில்லை. முப்பது வருஷம் அந்தப் பக்கத்தில் வாத்தியாராக இருந்தவன் நான். சாலையில் போகிற சைக்கிளில் பாதி என் மாணவர்களுடையது. முதல் நாள் அரை பர்லாங் போயிருக்க மாட்டேன், ஒருவன் சைக்கிளை நிறுத்திக் குதித்தான். "ஐயா நடந்து போறதா? ஏறுங்கையா!" வேண்டாம் என்றால் விடவில்லை. கேரியரில் உட்கார வைத்து டிஸ்பென்சரி வாசலில் இறக்கிவிட்டான். இரண்டாம் நாள் நிலக்கடலை மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி. மூட்டை மேல் துண்டு விரித்து உட்கார வைத்தார்கள். மூன்றாம் நாள் ஜீப். திரும்பி வரும்போது பால்காரர். அந்த வாரம் முழுக்க நான் நடந்த தூரம், வீட்டுக்குள் நடக்கிற தூரத்தைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. "வாத்தியாரு காலையிலே தனியா நடந்து போறாராம். வூட்டுல ஏதாச்சும் மனஸ்தாபமா?" என்று பேச்சு கிளம்பிவிட்டது. சந்தையில் என் மகனை யாரோ கேட்டிருக்கிறார்கள். அவன் முகம் சுண்டிப் போய் வந்தான். "அப்பா, நான் உங்களச் சரியா பாத்துக்கலன்னு பேசறாங்க. வண்டி இருக்கு, மாடு இருக்கு. எதுக்கு இந்த நடை?" என்றான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் மறுபடி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

இரண்டு நாள் என்னைக் காணாமல் நர்ஸம்மா காரணம் கேட்டு அனுப்பினார். சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலை மருந்துக்காகக் காத்திருந்த கூட்டத்தின் நடுவில், யாரோ ஒரு பெண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே, அவர் சாதாரணமாக இப்படிச் சொன்னாராம்: "நம்ம எச்செம் சாரு தீர்த்தமலைக்கு நேர்ந்துக்கிட்டிருக்காரு. ஒரு வருஷம் தெனம் நாலு மைலு காலால நடந்துட்டு, கடைசியில மலையேறணுமாம். வழியில வண்டி ஏறிட்டா வேண்டுதல் பலிக்காதாம். யாராச்சும் ஏத்திக்கிட்டா பாவம் ஏத்திக்கிட்டவங்களுக்குத்தான்."

நான் கோயில் வாசலை மிதிக்காதவன் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் ஒருவரும் சந்தேகப்படவில்லை. வாத்தியாரே மனம் மாறி நேர்ந்துகொண்டாரென்றால் விஷயம் பெரிது என்று எடுத்துக்கொண்டார்கள். அதுவும் சொன்னது ஒரு வேதக்கார அம்மாள். தீர்த்தமலை பற்றி அவர் ஏன் பொய் சொல்லப் போகிறார்? அன்று மாலைக்குள் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து ஒரு வண்டி நிற்கவில்லை. என்னைப் பார்த்ததும் சைக்கிள்காரர்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். மகன் தலை நிமிர்ந்து சந்தைக்குப் போனான். மருமகள் நான் திரும்பி வருவதற்குள் கால் கழுவ வெந்நீர் வைத்துக் காத்திருந்தாள்.

விஷயம் தெரிந்து நான் டிஸ்பென்சரிக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "என்னையப் பக்தனாக்கிட்டீங்களே!"

"ஒரு வருஷந்தானே சார். பொறுத்துக்கோங்க" என்றார். பிறகு குரலைத் தணித்து, "எனக்குத்தான் மனசு உறுத்துது. அடுத்தவங்க சாமிய வச்சுப் பொய் சொல்லிட்டேன்" என்றார்.

அந்த ஒரு வருஷம் எப்படிப் போனது என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, நடந்தேன். முதல் மாதம் பாதி வழியில் மூச்சு முட்டும். மூன்றாம் மாதம் நானே எனக்குப் பதிமூன்றாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லிக்கொண்டு போகும் அளவுக்கு வந்தேன். டிஸ்பென்சரியை அடைந்ததும் நர்ஸம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, "வழியில என்ன பாத்தீங்க? வூட்டுல இருந்து வரிசையா சொல்லுங்க" என்பார். ஆரம்பத்தில் இரண்டு சொல்வேன், மூன்றாவது வராது. எரிச்சல் வரும். அவர் விடமாட்டார். மழைக்காலம் முடிகிறபோது, எந்தப் புளியமரத்தடியில் எந்த வண்டி அச்சு முறிந்து கிடந்தது, எந்த வயலில் ராகி அறுத்துவிட்டார்கள், எவன் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான் என்று பதினைந்து இருபது சொல்லத் தொடங்கியிருந்தேன். ஒரு நாள் மருமகள், "மாமா, நீங்க ரெண்டாவது எலை கேட்டு நாலு மாசமாச்சு" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள்.

இந்த மருந்து எல்லாருக்கும் பலிக்கும் என்று நான் எழுதிவிடக் கூடாது. நர்ஸம்மாவே அதற்குச் சம்மதிக்க மாட்டார். என்னைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்ற மணியக்காரர் ஒருவர் என்னோடு நடக்க வந்தார். எட்டு மாதம் ஒரு நாள் தவறாமல் நடந்தார். அப்படியும் அவருக்கு ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் என் பெயரும் போயிற்று. அவர் படுத்துவிட்ட பிறகு நர்ஸம்மா வாரம் ஒரு முறை வண்டியில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். ஏன் இப்படி என்று கேட்டேன். "நடந்தா நல்லதுன்னுதான் சொன்னேன் சார். கேரண்டின்னு சொல்லல" என்றார்.

வருஷம் முடிந்தது. மலை ஏறியாக வேண்டும், ஊர் காத்திருந்தது. மகன் துணைக்கு வருவதாக இருந்தான். அதற்குள் நர்ஸம்மா, "நானும் வரேன் சார்" என்றார். "நீங்க எதுக்கு?" என்றேன்.

"பொய் சொன்னது நானில்லீங்களா? எங்க பங்குச் சாமியார்கிட்டப் போயி ஒத்துக்கிட்டேன். ஜெபம் பண்ணச் சொன்னாரு. பண்ணேன். எனக்கு அது போதலீங்க. நான் சொன்னத நானே ஏறி மெய்யாக்கிட்டா மனசு ஆறிடும்." மகனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நர்ஸ் கூட வரும்போது வேறு துணை எதற்கு என்று அவனும் இருந்துவிட்டான்.

அரூர் போய்ப் பஸ் மாறி அடிவாரத்தில் இறங்கினோம். வெயில் ஏறுவதற்கு முன்பே படி ஏறத் தொடங்கினோம். எனக்கு அன்று இருந்த உற்சாகத்தைச் சொல்லி முடியாது. அறுபத்தைந்து வயதில் காலும் தலையும் என் சொல்லைக் கேட்கின்றன. பேசிக்கொண்டே ஏறினேன். பள்ளிக்கூடக் கதைகள், இன்ஸ்பெக்டர் வந்த கதைகள், என் மனைவியைப் பெண் பார்க்கப் போன கதை. நர்ஸம்மா கேட்டுக்கொண்டு வந்தார். கொஞ்ச தூரத்துக்கு ஒரு முறை, "உக்காருங்க சார், உங்க வயசுக்கு ஒரேயடியா ஏறக் கூடாது" என்பார். எனக்குக் களைப்பே இல்லை. இருந்தாலும் நர்ஸ் சொன்னால் கேட்க வேண்டுமே என்று உட்காருவேன். மேலே போனதும், என்ன தோன்றியதோ, நான் உள்ளே போய்க் கும்பிட்டேன். அவர் வெளியில் நிழலில் நின்றுகொண்டிருந்தார். தீர்த்தத்தை இலையில் வாங்கி வந்து கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் வழக்கமான பரீட்சை. "சொல்லுங்க சார், அடிவாரத்துல இருந்து." வரிசையாகச் சொன்னேன். மோர் விற்ற பெண், என் வாழைப்பழத்தைப் பறித்த குரங்கு, மொட்டையடித்த மூன்று அண்ணன் தம்பிகள். "ஆறு இடத்துல உக்காந்தோம்" என்று இடங்களையும் சொன்னேன். முதல் வளைவு, மோர்க்காரி பக்கம், பல்லிகள் வெயில் காய்ந்த பாறை, குரங்கு வந்த இடம், உடைந்த படி, அத்திமரத்தடி.

"ஏழு சார்" என்றார் அவர்.

"ஆறு."

"ஏழுங்க."

கணக்கு வாத்தியாரிடம் எண்ணிக்கையில் வாதாடினால் விடுவேனா? மறுபடி விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டு, "சரி, உங்க கணக்கே இருக்கட்டும்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நர்ஸம்மாவையே ஞாபகத்தில் ஜெயித்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து மகனிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

வேண்டுதல் முடிந்தும் நான் நடப்பதை நிறுத்தவில்லை. வாத்தியார் இன்னொரு வருஷம் நேர்ந்துகொண்டிருக்கிறார், பிறகு ஆயுசுக்கும் நேர்ந்துகொண்டுவிட்டார் என்று ஊரே முடிவு கட்டிக்கொண்டது. இரண்டு வருஷத்துக்கு முன்பு நர்ஸம்மா உடம்பு சரியில்லை என்று வேலையை விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். என்ன உடம்பு என்று கேட்டால், "கொஞ்சம் அசதிங்க" என்பார். அவர் கேட்க முடியாமல் போனதை நான் வாரம் ஒரு கார்டில் எழுதி அனுப்பத் தொடங்கினேன். அந்த வாரம் வழியில் பார்த்தவை, வரிசையாக. ஒவ்வொரு கார்டின் கடைசியிலும் வம்புக்காக, 'மலையில் ஆறு இடம்தான்' என்று எழுதுவேன். எப்போதாவது பதில் வரும். நலம் என்று ஒரு வரி. அதற்குக் கீழே 'ஏழு'.

அன்று மத்தியானம் ஏரியூர்ப் பக்கத்து அந்தச் சிறிய ஊரில் அவரை அடக்கம் செய்தார்கள். மாதா கோயில் மணி ஒன்றொன்றாக அடித்தது. கடத்தூரிலிருந்து வந்தவர்களே ஒரு பஸ் நிறைய இருப்போம். எல்லாம் முடிந்த பிறகு அவருடைய அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மண்ணில் வேலை செய்து காய்த்துப் போன கை. என் கார்டுகளை நூல் போட்டுக் கட்டி வைத்திருந்ததாகச் சொன்னார்.

"பன்னண்டு வயசுல மூட்டுக் காய்ச்சல் வந்துதுங்க அவளுக்கு. நெஞ்சுக்குள்ள ஒரு கதவு சரியா மூடாதுன்னு பெரிய ஆஸ்பத்திரியில சொன்னாங்க. வேகமா நடக்காத, படி ஏறாதன்னாங்க. அதனாலதான் கல்யாணமும் வேணாம்னுட்டா. இத்தன வருஷம் இருந்ததே பெருசுங்க."

"நாங்க தீர்த்தமலை ஏறினோமே" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "அவளா? கீழ உக்காந்திருந்தேன், சார் மட்டும் ஏறிட்டு வந்தாருன்னு சொன்னாளே?"

அந்த மலைக்கும் இந்தச் சாவுக்கும் சம்பந்தம் உண்டா என்று யாராலும் சொல்ல முடியாது, ஆறு வருஷம் ஆகிவிட்டது என்று அண்ணனே பிறகு எனக்கு ஆறுதல் சொன்னார். தங்கையை இழந்தவர் எனக்கு ஆறுதல் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அன்று முதல் அந்த மலையைத்தான் தினமும் ஏறிக்கொண்டிருக்கிறேன். கால் கடத்தூர் சாலையில் போகிறது, நினைவு அந்தப் படிகளில் போகிறது. பேச்சு நின்றால் நெஞ்சு கஷ்டப்படுகிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அன்று ஏறும்போது பேசியது முழுக்க நான். அவர் பேசியதெல்லாம் "உக்காருங்க சார்" என்பது ஒன்றுதான். அதைக்கூடச் சேர்ந்தாற்போல் சொல்லவில்லை. இது எதுவும் எனக்கு உறைக்கவில்லை. என் வயதுக்காக அவர் என்னை உட்கார வைக்கிறார் என்று நினைத்து, பெருந்தன்மையோடு உட்கார்ந்து கொடுத்தேன்.

போன வாரம், புளியமரங்கள் முடிகிற இடத்தில் நடந்துகொண்டிருந்தபோது எனக்குக் கிடைத்துவிட்டது. அத்திமரத்தைத் தாண்டி, கோயிலுக்கு முந்தின கடைசித் திருப்பம். அங்கிருந்து பார்த்தால் கீழே பெண்ணையாறு தெரியும். நான் நின்று, கையை நீட்டி, ஆற்றைக் காட்டி, சின்ன வயதில் அதில் நீந்தின கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல நீளமான கதை. பின்னாலிருந்து உம் கொட்டும் சத்தம் வரவில்லையே என்று திரும்பினேன். அவர் படியில் உட்கார்ந்திருந்தார், குடையை ஊன்றி, அதன் பிடி மேல் நெற்றியை வைத்துக்கொண்டு. "என்ன நர்ஸம்மா, ஜெபமா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார். நான் ஆற்றுப் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தேன். நான் அங்கே உட்காரவில்லை, அதனால் என் கணக்கில் அது வரவில்லை.

அவர் எனக்காக இரண்டு பொய் சொன்னார். ஒன்றை ஊரிடம் சொன்னார். மற்றதை மலையில் என்னிடம் சொன்னார். நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டிருப்பது, தினம் நாலு மைல் நடையும், வழியில் பார்த்ததை வரிசையாகச் சொல்லும் பழக்கமும், என் மகனைப் பார்த்து எந்த ஊர் என்று இதுவரை கேட்காமல் இருக்கிற இந்தத் தலையும். நாளைக்கு இது போய்விடலாம். மணியக்காரருக்குப் போயிற்று. போவதற்குள் எழுதி வைத்துவிட வேண்டும் என்றுதான் இன்று காலை நடந்து வந்த கையோடு உட்கார்ந்தேன்.

கார்டு ஒன்று எழுதாமல் என்னிடம் மிஞ்சியிருந்தது. விலாசம் போடாமல் அதில் இந்த வாரம் பார்த்தவற்றை வரிசையாக எழுதினேன். கடைசி வரிக்கு வந்தேன்.

ஏழுதான், நர்ஸம்மா.